ரசிகர் கதைகளும் நாட்டாமைகளும்: ஒரு சண்டை வரலாறு

ஐம்பது வருஷமாக ஓயாமல் நடக்கிற ஒரு பங்காளிச் சண்டையைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. வரப்புத் தகராறு, சொத்துத் தகராறு எதுவும் இல்லை. "நீ ஏன் இந்த மாதிரிக் கதையெல்லாம் படிக்கிறே?" என்பதுதான் சண்டையே. பதிவு நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே :-)

சண்டை நடக்கிற இடம் ஃபேன் ஃபிக்ஷன் உலகம். தெரியாதவர்களுக்காக ஒரு வரி. 'பொன்னியின் செல்வன்' முடிந்த இடத்திலிருந்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று தொடர்ந்து எழுதினார் இல்லையா? அந்த மாதிரி, தனக்குப் பிடித்த கதையின் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு வாசகரே மேற்கொண்டு கதை எழுதுவது. விக்கிரமன் பெரிய பத்திரிகைக்காரர், பேர் போட்டு எழுதினார். இவர்கள் காசு வாங்காமல், பல நேரம் சொந்தப் பெயர்கூடப் போடாமல், தங்களைப் போன்ற நாலு ரசிகர்களுக்காக எழுதுகிறவர்கள். நான் 'ரசிகர் கதை' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

நான் எழுதியதில்லை, பல வருஷமாகப் படிக்கிறவன். கதைகளைப் படிக்கப் போன இடத்தில் சண்டைகளையும் படிக்க ஆரம்பித்து, கடைசியில் சண்டைதான் சுவாரசியமாக இருந்தது. படிக்கப் படிக்க ஒரு விஷயம் தெளிவாச்சு. ஆரம்பம் எப்போதும் ருசி பற்றிய தகராறு. கொஞ்ச நாளில் அது ஒழுக்கம் பற்றிய தகராறாக மாறும். அப்புறம் வெளியிலிருந்து ஒரு பெரிய கை உள்ளே வரும், அல்லது யாராவது அழைத்து வருவார்கள். அந்தக் கை யார் நல்லவர், யார் கெட்டவர் என்று பார்க்காது. எல்லோருக்கும் ஒரே அடி.

எப்படி என்று வரிசையாகப் பார்ப்போம்.

சைக்ளோஸ்டைல் காலம்

1966 செப்டம்பரில் அமெரிக்காவில் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'ஸ்டார் ட்ரெக்' தொடங்கியது. மூன்று சீசன் ஓடி 1969-இல் நின்றுபோனது. விண்கலத்தின் கேப்டன் கர்க். அவருக்கு வலது கை ஸ்பாக், கூர் காது, உணர்ச்சி காட்டாத முகம், பாதி மனிதர், பாதி வேற்றுக்கிரகவாசி. தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 1967-இல், 'ஸ்பாக்கனேலியா' என்று ஒரு ரசிகர் பத்திரிகை வந்துவிட்டது. நம்ம ஊர் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஒரு படி மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் எடுத்து, தபாலில் அனுப்புகிற சமாச்சாரம். அதைப் பார்த்து இன்னும் பல பத்திரிகைகள் கிளம்பின. எழுதியது, தொகுத்தது, படித்தது எல்லாம் பெரும்பாலும் பெண்கள்.

முதல் பெரிய ருசிச் சண்டையை ஒரு நையாண்டி ஆரம்பித்துவைத்தது. அந்தப் பத்திரிகைகளில் ஒரு வகைக் கதை அடிக்கடி வரும். விண்கலத்துக்குப் புதிதாக ஒரு சின்னப் பெண் வருவாள். அழகி, அதிபுத்திசாலி, எல்லாருக்கும் அவள்மேல் பிரியம். கேப்டனையே காப்பாற்றுவாள். இதைக் கிண்டல் பண்ணி 1973-இல் பவுலா ஸ்மித் என்பவர் 'மெனாஜரி' என்ற ரசிகர் பத்திரிகையில் ஒரு குட்டிக் கதை எழுதினார். நாயகி பெயர் மேரி சூ. வயது பதினைந்தரை, அதற்குள் லெஃப்டினன்ட்! கடைசியில் அவள் செத்துப்போக, கப்பலே அழுகிறது.

படிக்க நல்ல நகைச்சுவைதான். ஆனால் 'மேரி சூ' என்பது ஒரு வசைச்சொல்லாக நிலைத்துவிட்டது. யார் ஒரு பெண் பாத்திரத்தைப் புதிதாக உருவாக்கினாலும் "இது மேரி சூ" என்று ஒரே போடாகப் போட ஆரம்பித்தார்கள். காமில் பேக்கன்-ஸ்மித் என்ற ஆய்வாளர் இந்தப் பெண்களோடு வருஷக்கணக்கில் பழகி 1992-இல் 'என்டர்பிரைஸிங் விமன்' என்று ஒரு புத்தகம் எழுதினார். இந்தப் பெயர் வந்துவிடுமோ என்ற பயத்திலேயே பெண் பாத்திரங்களை எழுதாமல் விட்டவர்களைப் பற்றி அதில் வருகிறது. யோசித்துப் பாருங்கள். பெண்கள் எழுதி, பெண்கள் படிக்கிற ஒரு இடத்தில் பெண்ணைப் பற்றி எழுதக் கூச்சம்! யாரும் தடை போடவில்லை. கேலி ஒன்றே போதுமாக இருந்தது.

அடுத்த வருஷம், 1974-இல், இன்னொரு குண்டு. 'க்ரப்' என்ற பத்திரிகையில் ஆஸ்திரேலிய ரசிகை ஒருவரின் ரொம்பச் சின்னக் கதை வந்தது. இரண்டு பேருக்கு நடுவே காதல். பெயர் எதுவும் சொல்லவில்லை, ஆனால் அது கர்க்கும் ஸ்பாக்கும்தான் என்று சீக்கிரமே எல்லோருக்கும் தெரிந்துபோனது. இந்த வகைக் கதைகளை 'கே/எஸ்' என்று குறித்தார்கள். நடுவில் வருகிற அந்தச் சாய்கோட்டுக்கு ஆங்கிலத்தில் ஸ்லாஷ் என்று பெயர். ஆணும் ஆணும் காதலிக்கும் ரசிகர் கதைகளுக்கெல்லாம் இன்றைக்கு 'ஸ்லாஷ்' என்று பெயர் இருப்பது அந்தச் சாய்கோட்டால்தான்.

ரசிகர்களின் கடிதப் பக்கங்கள் தீப்பிடித்தன. எதிர்த்தவர்கள் சொன்னதில் மூன்று வாதம் கலந்திருக்கும். ஒன்று, 'கர்க் அப்படிப்பட்டவர் இல்லை'. இது ருசி. இரண்டு, 'இது அசிங்கம்'. இது ஒழுக்கம். மூன்று, 'படக்கம்பெனிக்காரன் பார்த்தால் நம்ம எல்லாரையும் மூடிவிடுவான்'. இது பயம். இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்காமல் பேசியதால்தான் சண்டை தீரவே இல்லை. பத்திரிகை நடத்தியவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எனக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் பிரதி தபாலில் வரும்.

தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரிக்கே இந்த விஷயம் எட்டிவிட்டது. 1979-இல் ஸ்டார் ட்ரெக் முதல் சினிமாவை அவர் நாவலாக எழுதியபோது, அதில் ஒரு அடிக்குறிப்பில் கர்க்கே இந்த வதந்திக்குப் பதில் சொல்வதுபோல் வைத்தார். வழவழா கொழகொழா பதில். எங்கள் கட்சிக்குத்தான் சாதகம் என்று இரண்டு தரப்பும் எடுத்துக்கொள்ளும்படி இருந்தது :-) 1985-இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஜோனா ரஸ் இந்தக் கே/எஸ் கதைகளை வெளிப்படையாக ஆதரித்து ஒரு கட்டுரை எழுதினார். பெண்கள் தங்களுக்காகவே, தங்கள் ஆசையைத் தாங்களே எழுதிக்கொள்கிற அரிதான இடம் இது என்பது அவர் கட்சி.

கம்பெனிக் கடிதம்

மூன்றாவது பயம் சும்மா வந்த பயம் இல்லை என்பது 1981-இல் தெரிந்தது, ஆனால் வேறொரு ரசிகர் கூட்டத்தில். 'ஸ்டார் வார்ஸ்' ரசிகர் பத்திரிகை ஒன்றில் ஹான் சோலோவும் இளவரசி லேயாவும் நெருக்கமாக இருக்கும் ஒரு கதை வந்தது. அவர்கள் படத்திலேயே காதலர்கள், ஆணும் பெண்ணும்தான். லூகாஸ்ஃபிலிமின் அதிகாரபூர்வ ரசிகர் மன்றத்திலிருந்து பத்திரிகை நடத்துகிறவர்களுக்குக் கடிதம் போனது. எங்கள் படங்கள் குடும்பத்தோடு பார்க்கிற படங்கள், ஆபாசக் கதை போட்டால் சட்ட நடவடிக்கை எடுப்போம் என்பது சாரம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதுவரை ரசிகர்களுக்குள் ஒரு படிக்கட்டு இருந்தது. சாகசக் கதை எழுதுகிறவர் மேரி சூ எழுதுகிறவரை இளக்காரமாகப் பார்ப்பார். ஆண்-பெண் காதல் எழுதுகிறவர் ஸ்லாஷைப் பார்த்து மூக்கைப் பொத்துவார். ஸ்லாஷ் எழுதுகிறவர்களோ, நிஜ நடிகர்களை வைத்துக் கதை எழுதுகிறவர்களைப் பார்த்து "சீ, நாங்க அந்த அளவுக்கு இல்லை" என்பார்கள். கம்பெனியின் கடிதத்துக்கு இந்தப் படிக்கட்டெல்லாம் தெரியாது. ஸ்லாஷுக்குத்தான் ஆபத்து என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அடி விழுந்தது ஆண்-பெண் கதைக்கு.

இந்தப் படிக்கட்டு ஏன் வந்தது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். வெளியுலகம் இவர்கள் மொத்தப் பேரையும் கேலி பண்ணியது. வேலைவெட்டி இல்லாதவர்கள், திருடிக் கதை எழுதுகிறவர்கள் என்று. அப்படி அவமானப்படுத்தப்பட்ட ஒருவருக்கு மரியாதை வாங்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. தனக்குக் கீழே இன்னொருவரைக் காட்டி "நான் அவளை மாதிரி இல்லை" என்று சொல்லிவிடலாம். ஊரிலும் அப்படித்தானே நடக்கிறது? அதுவும் போக, இவர்கள் நின்ற நிலமே புறம்போக்கு. பாத்திரங்கள் கம்பெனியின் சொத்து, இவர்களுக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லாத இடத்தில் குடியிருப்பவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்சம் சத்தம் போட்டாலும் கிலிதான்.

ஒரு நல்ல சொல்

தொண்ணூறுகளில் ரசிகர்கள் இணையத்துக்கு வந்தபோது, அவர்களுடைய பேச்சில் ஒரு அருமையான சொல் புழக்கத்துக்கு வந்தது: 'ஸ்க்விக்'. ஒரு விஷயம் எனக்கு ஒவ்வவில்லை, வயிற்றைப் புரட்டுகிறது, ஆனால் அது தப்பு என்று நான் சொல்லவில்லை. இவ்வளவும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். பாகற்காய் எனக்குப் பிடிக்காது என்பதற்கும் பாகற்காய் சாப்பிடுகிறவன் யோக்கியன் இல்லை என்பதற்கும் உள்ள வித்தியாசம்! கூடவே கதைக்கு மேலே சீட்டு ஒட்டுகிற பழக்கமும் வளர்ந்தது. யார் யார் ஜோடி, எந்த வயதினருக்கான கதை, யாராவது சாகிறார்களா என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது. பிடிக்காவிட்டால் படிக்காதே, அவ்வளவுதான் சட்டம்.

எல்லா இடத்திலும் அது செல்லுபடியாகவில்லை. 1998-இல் ஷிங் லீ தொடங்கிய ஃபேன்ஃபிக்ஷன்.நெட் ரசிகர் கதைகளுக்கான மிகப் பெரிய கிடங்காக வளர்ந்தது. 2002-இல் அங்கே வயது வந்தோருக்கான என்.சி-17 வகைக் கதைகளையே தடை செய்துவிட்டார்கள். 2012-இல் மறுபடி ஒரு பெரிய களையெடுப்பு. வாசகர்களிலேயே சிலர் விதிமீறல்களைத் தேடித் தேடிப் புகார் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வருஷக்கணக்கான எழுத்து, கீழே வந்த வாசகர் குறிப்புகளோடு சேர்த்துக் காணாமல் போனது.

இதே காலத்தில்தான் ஹாரி பாட்டர் ஜோடிச் சண்டை. ஹெர்மயனி ஹாரிக்கா, ரானுக்கா? இதில் என்ன ஒழுக்கம் இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆனால் ரான் கட்சிக்காரர்களுக்கு எதிர்க்கட்சி புத்தகமே புரியாத கூட்டம். ஹாரி கட்சிக்காரர்களுக்கோ, எப்போதும் சண்டை போடுகிற ரானோடு ஹெர்மயனியைச் சேர்ப்பவர்கள் பெண்ணை மதிக்கத் தெரியாதவர்கள். ருசி இப்படித்தான் மெதுவாகக் குணச் சான்றிதழாக மாறும். 2005 ஜூலையில் ஆறாவது புத்தகம் வந்ததும் ரௌலிங் இரண்டு ரசிகர் தளக்காரர்களுக்குப் பேட்டி கொடுத்தார். பேட்டி எடுத்தவர்களில் ஒருவர், ஹாரி-ஹெர்மயனி ரசிகர்கள் பிரமை பிடித்தவர்கள் என்ற அர்த்தத்தில் ஒரு சொல்லைப் போட, மனம் நொந்துபோனவர்கள் ஏராளம். கதாசிரியரே தீர்ப்பு சொல்லிவிட்டார், விஷயம் முடிந்தது என்று தோன்றும். 2014-இல் அதே ரௌலிங், ரான்-ஹெர்மயனி ஜோடி தன் சொந்த ஆசைக்காக அமைந்தது என்கிற மாதிரிப் பேசினார். ஒன்பது வருஷம் 'பிரமை' பட்டம் சுமந்தவர்கள் அன்றைக்கு என்ன பாடுபடுத்தியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

2007: வாடகை வீட்டிலிருந்து வெளியே

சிரிப்பு இங்கே நிற்கிறது.

அந்த வருஷங்களில் ரசிகர்கள் குடியிருந்தது பெரும்பாலும் லைவ்ஜர்னலில். 1999-இல் தொடங்கிய தளம், 2005-இல் சிக்ஸ் அபார்ட் கம்பெனி வாங்கியது. 2007 மே 29 அன்று சுமார் 500 பக்கங்கள் ஒரே அடியாக முடக்கப்பட்டன. முடக்கப்பட்டவர்களின் பெயர்மேல் குறுக்கே ஒரு கோடு விழும். அதனால் அந்தச் சம்பவத்துக்கே 'ஸ்ட்ரைக்த்ரூ' என்று பெயர் வந்தது. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களை ஒழிக்கிறோம் என்று சொல்லிக்கொண்ட ஒரு வெளிக்குழு புகார் கொடுத்திருந்தது. நோக்கத்தில் யாருக்கும் சண்டை இருக்க முடியாது. கம்பெனி என்ன செய்தது தெரியுமா? ஒவ்வொரு பக்கத்திலும் 'என் ஆர்வங்கள்' என்று ஒரு சொற்பட்டியல் இருக்கும். அதில் ஏதாவது குற்றத்தின் பெயர் இருந்தால் அந்தக் குற்றத்தை ஆதரிப்பதாகக் கணக்கு வைத்தது.

விளைவு? ஹாரி பாட்டர் ரசிகர் கதைக் குழுக்கள் போயின. நபக்கோவின் 'லோலிட்டா' நாவலைப் பற்றி ஸ்பானிஷ் மொழியில் பேசிக்கொண்டிருந்த வாசகர் குழு போனது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, பாலியல் வன்முறைக்கு ஆளாகி மீண்டவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்ள வைத்திருந்த பக்கங்களும் போயின. அவர்களுக்கு நேர்ந்த கொடுமையின் பெயரை அவர்கள் தங்கள் பட்டியலில் எழுதி வைத்திருந்தார்கள், அதுதான் காரணம். யாரைக் காப்பாற்றக் கிளம்பினார்களோ அவர்கள் வீட்டுக் கதவிலேயே பூட்டு.

நிர்வாகி சில நாளில் மன்னிப்புக் கேட்டார், பல பக்கங்கள் திரும்ப வந்தன. ஆகஸ்டில் இன்னொரு தடவை முடக்கினார்கள். டிசம்பரில் தளமே ஒரு ரஷ்யத் தொடர்புள்ள கம்பெனிக்குக் கைமாறியது. இத்தனைக்கும் நடுவில் ரசிகர்களுக்குள்ளேயே "அவங்க எழுதின கண்றாவிக்கு வேண்டியதுதான்" என்று சொன்னவர்களும் இருந்தார்கள். படிக்கட்டில் ஒரு படி மேலே நிற்கிறோம் என்ற நினைப்பு.

சொந்த வீடு

ஸ்ட்ரைக்த்ரூவுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால்தான், ரசிகர்களே நடத்துகிற ஒரு சொந்தக் காப்பகம் வேண்டும் என்று ஒரு அழைப்பு கிளம்பியிருந்தது. அப்போது ரசிகர் கதைகளை வைத்து வியாபாரம் பண்ண ஒரு கம்பெனி வந்திருந்தது, அதற்கான எதிர்வினை. முடக்கம் நடந்ததும் அந்த அழைப்புக்கு அர்த்தம் கூடிவிட்டது. நாவலாசிரியர் நவோமி நோவிக் உட்படப் பலர் சேர்ந்து 2007-இல் லாப நோக்கமில்லாத ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். 2009 நவம்பரில் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' எல்லோருக்கும் திறந்தது. சுருக்கமாக ஏஓ3. வர்ஜீனியா வுல்ஃப் எழுத்தாளப் பெண்ணுக்குத் தனக்கென்று ஒரு அறை வேண்டும் என்றாரே, அந்தப் புத்தகத் தலைப்பிலிருந்து பிறந்த பெயர். விளம்பரம் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது, சர்வரும் சொந்தம்.

அவர்களுடைய கொள்கைதான் இந்தப் பதிவின் நடுப்பகுதி. சட்டத்துக்கு உட்பட்ட கதையை, பிடிக்கவில்லை என்பதற்காக நீக்க மாட்டோம். ஆனால் சீட்டு ஒட்ட வேண்டும். கடும் வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம், பாலியல் வல்லுறவு, வயது வராதோர் தொடர்பான பாலியல் - இந்த நான்கு எச்சரிக்கைகளில் எது பொருந்துமோ அதைப் போட வேண்டும். எதுவும் பொருந்தாவிட்டால் அப்படிச் சொல்லலாம். 'எச்சரிக்கை சொல்ல விருப்பமில்லை' என்றும் போடலாம், அப்படிப் போட்டால் உள்ளே போவது உங்கள் பொறுப்பு. இதுபோக எழுதுகிறவர் இஷ்டத்துக்கு எத்தனை குறிச்சொல் வேண்டுமானாலும். அவற்றை ஒழுங்குபடுத்தத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். எதைப் படிக்கலாம் என்ற முடிவை எழுதுகிறவரிடமிருந்தும் கம்பெனியிடமிருந்தும் எடுத்துப் படிக்கிறவர் கையில் கொடுத்துவிட்டார்கள். 2019-இல் அந்தக் காப்பகத்துக்கு ஹியூகோ விருது. 2022-இல் படைப்புகளின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது.

ஆன்டிகள் வருகிறார்கள்

சுபம் போட்டிருக்கலாம். போட முடியவில்லை. 2010-களின் நடுவில் ஒரு புதுத் தலைமுறை வந்தது. இவர்களுக்கு 'ஆன்டி' என்று பெயர். (நம்ம ஊர் ஆன்டி இல்லைங்க, எதிர்ப்பவர் என்ற அர்த்தத்தில்!) எதிர்முகாமுக்குப் 'ப்ரோஷிப்' என்று பெயர். 'ஸ்க்விக்' வழக்கொழிந்து அந்த இடத்தில் 'ப்ராப்ளமேட்டிக்' வந்து உட்கார்ந்துகொண்டது. முதல் சொல் என்னைப் பற்றிப் பேசுகிறது, இரண்டாவது உன்னைப் பற்றி. தப்பான ஜோடியைப் பற்றிய கதையை விரும்பிப் படிக்கிறவர் நிஜத்திலும் தப்பானவர்தான் என்பது வாதம். 2016 முதல் 2018 வரை ஓடிய 'வோல்ட்ரான்' கார்ட்டூன் தொடரில், கொஞ்சம் வயது கூடிய ஒரு பாத்திரத்தை இளைய பாத்திரத்தோடு ஜோடி சேர்த்த ரசிகர்களைக் குழந்தைகளைச் சீரழிப்பவர்கள் என்றே திட்டினார்கள். சண்டை போட்டவர்களில் நிறையப் பேர் பதின்வயதினர். திட்டும் மிரட்டலும் சாதாரணமாகிப் போனது.

அவர்களை ஒரேயடியாகக் கோமாளிகள் என்று தள்ளவும் எனக்கு மனசில்லை. இளவயதில் உண்மையிலேயே யாரிடமோ அடிபட்டு வந்தவர்கள் அதில் உண்டு. கதை மனதைப் பாதிக்கும் என்பதும் பொய்யில்லை. பாதிக்காவிட்டால் ஏன் இத்தனை பேர் ராத்திரி கண்விழித்துப் படிக்கிறோம்? ஆனால் எச்சரிக்கைச் சீட்டு கண்ணில் பட்டதும் விலகிப் போவதற்கு உதவ வேண்டியது, இவர்கள் கையில் ஆளைப் பிடிக்கிற வலையாக மாறிவிட்டது. எந்தக் குறிச்சொல்லின் கீழ் யார் எழுதுகிறார், யார் பாராட்டுகிறார் என்று தேடிப் பட்டியல் எடுப்பதற்கு.

2020: புகார் போன இடம்

இந்த வரலாற்றின் மிக மோசமான அத்தியாயம் சீனாவில். 2019-இல் வந்த 'தி அன்டேம்ட்' என்ற சீனத் தொடரால் ஷாவ் ஜான், வாங் யீபோ என்ற இரண்டு நடிகர்கள் பெரிய நட்சத்திரங்கள் ஆனார்கள். அந்தத் தொடரே ஆண்களின் காதலைச் சொல்லும் ஒரு இணைய நாவலிலிருந்து எடுத்ததுதான். தணிக்கைக்காகக் காதலை நட்பாக மாற்றியிருந்தார்கள். 2020 பிப்ரவரியில் இந்த இரண்டு நடிகர்களையே பாத்திரமாக்கி ஒரு ரசிகர் கதை ஏஓ3-இல் வந்தது. ஷாவ் ஜானைப் பெண் உடையில் வாழும் பாலியல் தொழிலாளியாகக் காட்டியிருந்தது. அவருடைய ரசிகர்களுக்கு ஆத்திரம். உயிரோடு இருக்கிற மனிதரை இப்படி எழுதலாமா என்ற அவர்கள் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் போனது எழுதியவரிடம் இல்லை, அரசிடம். பிப்ரவரி 27 அன்று கூட்டங்கூட்டமாகப் புகார் கொடுக்கும் வேலை தொடங்கியது. பிப்ரவரி 29 அன்று சீனாவில் ஏஓ3 திறக்கவில்லை. மறுநாள் மார்ச் 1, இணைய உள்ளடக்கத்தைக் கட்டுப்படுத்தும் புது விதிகள் அமலுக்கு வந்த நாள்.

அந்தக் கதையைக் கேள்விகூடப் படாத லட்சக்கணக்கான வாசகர்களுக்கு, கொரோனாவால் வீட்டுக்குள் அடைபட்டிருந்த அந்த வாரத்தில், கதவு மூடிக்கொண்டது. அவர்கள் திருப்பி அடித்தார்கள். ஷாவ் ஜான் விளம்பரம் செய்த பொருட்களைப் புறக்கணித்தார்கள், அவர் படைப்புகளுக்குப் படுமோசமான மதிப்பெண் போட்டார்கள், விளம்பரதாரர்கள் ஒதுங்கினார்கள். எந்த நடிகரின் மானத்தைக் காப்பாற்றப் புகார் கொடுத்தார்களோ, அவருடைய தொழிலுக்கே அடி. இன்றைக்கும் சீன ரசிகர்கள் அதை '227' என்றே சொல்கிறார்கள்.

அப்போ எதையும் கேட்கவே கூடாதா?

நியாயமான கேள்வி. கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அதற்கும் வரலாற்றில் உதாரணம் உண்டு. 2010 ஜனவரியில் ஹெய்தியில் பயங்கர நிலநடுக்கம். அதே ஆண்டு நடுவில், 'சூப்பர்நேச்சுரல்' தொடரின் இரண்டு நடிகர்களைக் காதலர்களாக்கி, அந்த இடிபாடுகளையே பின்னணியாக வைத்து ஒரு ரசிகர் கதை வந்தது. செத்துக்கொண்டிருந்த கறுப்பின மக்கள் இரண்டு வெள்ளைக்காரர்களின் காதலுக்கு அலங்காரத் திரைச்சீலை ஆகிவிட்டார்கள் என்று வாசகர்கள் கொதித்தார்கள். வரிவரியாக எடுத்துக்காட்டி, எது ஏன் இனவெறி என்று எழுதினார்கள். எழுதியவர் மன்னிப்பும் கேட்டார். கம்பெனிக்கோ அரசுக்கோ யாரும் தந்தி அடிக்கவில்லை. அந்த விவாதத்தால் பலர் கற்றுக்கொண்டார்கள், மொத்தப் பேரின் கதையும் பறிபோகவில்லை.

இனவெறிப் பிரச்சினை அத்தோடு தீர்ந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். 2020-இல் ஏஓ3-ஐ நடத்தும் அமைப்பு சில உறுதிமொழிகள் கொடுத்தது. அவற்றை நிறைவேற்றவில்லை என்று 2023-இல் ரசிகர்களே இயக்கம் நடத்தினார்கள். "எல்லாம் வெறும் ருசிதான், பேசாதே" என்று வாயை மூடுவதும் ஒருவகை நாட்டாமைத்தனம்தான்.

ஆக, நான் பார்க்கிற கோடு இது. கதையில் என்ன தப்பு என்று பேசுவது விமர்சனம். அதைப் படித்தவர் எப்படிப்பட்டவர் என்று பேச ஆரம்பித்தால் அது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை நிறைவேற்றப் பெரிய கை எதையாவது கூப்பிட்டால், 1981, 2002, 2007, 2020 என்று பார்த்த அத்தனை தடவையும் நடந்ததுதான் மறுபடி நடக்கும். பெரிய கைக்கு இழிவான கதைக்கும் வலியைச் சொல்லும் கதைக்கும் வித்தியாசம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் சொற்பட்டியல்.

"இந்த மாதிரிக் கதைகளை எல்லாம் ஒழிச்சுக் கட்டணும்" என்று யாராவது ஆவேசமாகச் சொல்லும்போது எனக்கு ஞாபகம் வருவது அந்த 2007 மே மாதம்தான். தனக்கு நேர்ந்ததைத் தன்னைப் போன்ற நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள ஒரு இடம் வைத்திருந்த யாரோ ஒரு பெண், காலையில் எழுந்து திறந்து பார்த்தபோது தன் பெயர்மேல் கோடு விழுந்திருந்தது. அவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் எந்தக் கதையைத் தடை செய்யலாம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் முதலில் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

டிஸ்கி: ரசிகர் கதை எழுதியவர்கள் பலரும் புனைபெயரில் ஒதுங்கி வாழ்கிறவர்கள். அதனால்தான் பல இடங்களில் பெயர் சொல்லாமல் 'ஒரு ரசிகை' என்று மட்டும் போட்டிருக்கிறேன். உங்களில் யாராவது ரகசியமாக எழுதுகிறவர்கள் இருந்தால், உங்கள் ரகசியமும் என்னிடம் பத்திரம் :-)